ராய்சினா நகராட்சி முதல் நம் காலனி வரை

2022ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, டில்லி மாநகராட்சிக்குத் தேர்தல் நடைபெற்றது. அன்று மாலை ராமகிருஷ்ணபுரத்திலிருந்து நம் காலனிக்கு வந்த உறவினர் இருவரும் விரலில் மைக்கறையோடு வந்தனர். அதைக் கண்ட நம் வீட்டுச் சிறுவன், "நமக்கு ஏன் மை வைக்கவில்லை?" என்று கேட்டான். ராமகிருஷ்ணபுரத்துக்கும் சரோஜினி நகருக்கும் இடையே நடந்து கடக்கக்கூடிய தூரமே உள்ளது. அவர்கள் வேறு நகராட்சி, நாம் வேறு நகராட்சி என்று அப்போதைக்குச் சொல்லி வைத்தோம். அவன் விடவில்லை. "சரி, நம் நகராட்சிக்கு எப்போது தேர்தல்?" என்றான். இல்லை என்று ஒரு சொல்லில் விடை சொல்லிவிடலாம். ஆனால் ஏன் இல்லை என்பதற்கு நூற்றாண்டுக்கு மேற்பட்ட கதை ஒன்று உண்டு. இவ்வாண்டு மலரில் அன்பர்களுக்கு அக்கதையைச் சொல்ல விழைகின்றோம்.

1911 டிசம்பர் 12ஆம் நாள் டில்லி தர்பாரில், இந்தியாவின் தலைநகர் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றப்படும் என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். மூன்று நாள் கழித்து அடிக்கல்லும் நாட்டினார். கல் நாட்டிய இடம் வடக்கே, தர்பார் நடந்த வெளிக்கு அருகில் இருந்தது. நகரைத் திட்டமிட அழைக்கப்பட்ட குழுவில் மூவர் இருந்தனர். லண்டன் மாவட்ட மன்றத்தின் தலைவரான ஸ்விண்டன், லிவர்பூல் நகரத்துப் பொறியாளரான பிராடி, கட்டிடக் கலைஞர் லட்யன்ஸ் ஆகியோரே அம்மூவர். வடக்குப் பக்கம் தாழ்ந்த நிலம், வெள்ளம் ஏறும் இடம், கொசுவும் குளிர்காய்ச்சலும் மிகுந்த இடம் என்று கண்டு, தெற்கே ராய்சினா மேட்டைத் தேர்ந்தார்கள். நாட்டிய கல்லையும் பின்னர்ப் பெயர்த்துத் தெற்கே கொண்டு செல்ல வேண்டியதாயிற்று. ஆக, புதுடில்லி இன்று இருக்கும் இடத்தில் இருப்பதற்குச் சுகாதாரமும் ஒரு முக்கிய காரணம் என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

1913 மார்ச் 25இல் இம்பீரியல் டில்லிக் கமிட்டி அமைந்தது. நகரைக் கட்டுவதும் கட்டியதைக் காப்பதும் அதன் பொறுப்பு. பழைய டில்லி நகராட்சியோ புது நகரின் செலவைத் தாங்கும் நிலையில் இல்லை. மேட்டைச் சுற்றிக் கல்லுடைப்போரும் மண் சுமப்போரும் கொத்தர்களும் ஆயிரக்கணக்கில் குடிசை போட்டுத் தங்கினர். அவர்களுக்குக் குடிநீர் வேண்டும், கழிப்பிடம் வேண்டும், குப்பை அகற்ற ஆள் வேண்டும். இத்தனை பேர் நெருங்கி வாழும் இடத்தில் வாந்திபேதி புகுந்தால் வேலை மட்டுமா நிற்கும்? எனவே 1916 பிப்ரவரியில் டில்லிச் சீப் கமிஷனர் 'ராய்சினா நகராட்சிக் கமிட்டி' என்ற ஒன்றை ஏற்படுத்தினார். இன்று தூதரகங்களுக்கும் அமைச்சர் மாளிகைகளுக்கும் பணி செய்யும் நகராட்சி, முதன்முதலில் கூலியாட்களின் சுகாதாரத்துக்காகவே பிறந்தது. இச்செய்தியை நம்மில் பலர் அறியார்.

1925 மார்ச் 16ஆம் நாள் அது பஞ்சாப் நகராட்சிச் சட்டத்தின்கீழ் இரண்டாம் வகுப்பு நகராட்சியாக உயர்ந்தது. உறுப்பினர் பதின்மர். அவர்களுள் ஐவர் பதவி காரணமாக அமர்ந்த அதிகாரிகள்; மற்ற ஐவர் 'உள்ளூர் அரசாங்கம்' நியமித்தவர்கள். உள்ளூர் அரசாங்கம் என்றவுடன் ஊர்மக்கள் என்று எண்ணிவிடலாகாது. அக்காலச் சட்டத்தில் அச்சொல்லுக்கு, டில்லியைப் பொறுத்தவரை, சீப் கமிஷனர் என்பதே பொருள்! 1927 பிப்ரவரி 22இல் கமிட்டி கூடிப் 'புதுடில்லி' என்ற பெயரை ஏற்றது. மார்ச் 16இல் சீப் கமிஷனரின் ஒப்புதல் கிடைத்தது. 1931 பிப்ரவரி 13இல் இர்வின் பிரபு நகரைத் திறந்து வைத்தார். அடுத்த ஆண்டு அது முதல் வகுப்பு நகராட்சி ஆயிற்று.

பிப்ரவரி 13 என்னும் நாளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் காலனிக்குப் பெயர் தந்த சரோஜினி நாயுடு அம்மையார் பிறந்ததும் 1879இல் அதே நாளில்தான். ஏகாதிபத்தியத்தின் தலைநகர் விழாக் கோலம் பூண்டபோது அம்மையார் உப்புச் சத்தியாக்கிரகத்தில் தாராசனையில் தலைமை தாங்கிச் சிறை சென்று மீண்டு சில வாரங்களே ஆகியிருந்தன. பன்னிரண்டாம் வயதில் சென்னைப் பல்கலைக்கழகத்து மெட்ரிகுலேஷனில் தேறியவர் அவர். அந்த ஒரு தேர்வோடு நின்றுவிட்ட நமக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி!

அதே காலத்தில் மற்ற ஊர்களின் நகராட்சிகளைப் பாருங்கள். சேலம் நகராட்சியில் ராஜாஜி 1917 முதல் 1919 வரை தலைவராக இருந்தார். ஈரோட்டில் பெரியார் ஈ. வெ. ராமசாமி தலைவராக இருந்து குடிநீர்த் திட்டத்துக்குப் பாடுபட்டார். அகமதாபாத்தில் வல்லபபாய் படேல், அலகாபாத்தில் ஜவகர்லால் நேரு ஆகியோரும் நகராட்சித் தலைமையில் இருந்தவர்களே. தெருவிளக்கு, சாக்கடை, வரி என்று தொடங்கியவர்கள் தேசத்தையே ஆளும் நிலைக்கு உயர்ந்தார்கள். புதுடில்லி நகராட்சியோ நல்ல பொறியாளர்களையும் நல்ல சுகாதார அதிகாரிகளையும் பெற்றது; மக்கள் நடுவிலிருந்து எழுந்த தலைவர் ஒருவரையும் அது தரவில்லை. எப்படித் தரும்? தேர்தல் என்ற வாசலே அங்கு இல்லை.

நகரின் அமைப்பும் அதற்கேற்பவே இருந்தது. எந்தப் பகுதியில் எதைக் கட்டலாம், எதைக் கட்டலாகாது என்று வரையறுப்பதை இக்காலத்தில் மண்டலப் பாகுபாடு என்பர். லட்யன்ஸ் காலத்தில் அப்பாகுபாடு சம்பளத்தை ஒட்டி நடந்தது. வைசிராய் மாளிகைக்கு அருகே பெரிய அதிகாரிகளின் பங்களாக்கள். தள்ளித் தள்ளிச் சிறிய அதிகாரிகள். கோல் மார்க்கெட்டைச் சுற்றிய சதுக்கங்களில் குமாஸ்தாக்கள். அதற்கும் அப்பால் பியூன்கள். ஒருவர் முகவரியைச் சொன்னால் அவர் என்ன உத்தியோகம் என்று சொல்லிவிடலாம். ரயில்வேயில் இருப்பவர்களுக்கு இது வியப்பாகத் தோன்றாது. எந்த ரயில்வே காலனியிலும் பெரியவர்களின் பங்களா ஒரு பக்கம், கலாசிகளின் லைன் ஒரு பக்கம் என்பதே முறை. ஆங்கே வீடு ஒதுக்குவதும் குழாய் பழுது பார்ப்பதும் சுகாதார மேஸ்திரியை அனுப்புவதும் ஒரே இலாகா. குறையிருந்தால் மனு எழுதுவோம். வாக்கு என்ற நினைவே நமக்கு வருவதில்லை. புதுடில்லி முழுவதையும் பெரியதொரு ரயில்வே காலனியாக எண்ணிக் கொண்டால் அதன் நகராட்சியின் இயல்பு எளிதில் விளங்கும்.

அந்தக் குமாஸ்தாச் சதுக்கங்களில் நம் முன்னோர் பலர் வாழ்ந்தனர். கோடையில் அரசாங்கம் சிம்லாவுக்கு மலையேறும், குளிர்காலத்தில் இறங்கும். ஆண்டுக்கு இருமுறை ஊர் மாறும் பிள்ளைகளின் படிப்பு என்னாவது? இந்தக் கவலையைத் தம் கையாலேயே தீர்த்துக் கொள்ள முனைந்தனர் நம்மவர். 1923இல் மதராசி கல்விச் சங்கம் தோன்றியது. இன்று ஏழு பள்ளிகளை நடத்தும் டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் வேர் அதுவே. மந்திர் மார்க்கிலும் லோதி எஸ்டேட்டிலும் நமக்கு அண்மையில் லக்ஷ்மிபாய் நகரிலும் மோதி பாக்கிலும் அதன் பள்ளிகள் உள்ளன. நகராட்சியில் நாற்காலி கிடையாதவர்கள் சங்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள் என்று சில மூத்தவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

1941இல் டில்லியின் மக்கள்தொகை 9 லட்சத்துச் சொச்சம். 1951இல் 17 லட்சத்துக்கு மேல். பிரிவினையின் துயரத்தால் வந்து குவிந்த அகதிகளும், விரிந்துகொண்டே போன அரசாங்கத்துக்கு வேண்டிய ஊழியர்களும் நகரை நிரப்பினர். ஊழியர்களுக்கெனப் புதுக் காலனிகள் எழுந்தன. நம்முடையது அப்போது வினய் நகர். இன்றைய லக்ஷ்மிபாய் நகருக்குக் கிழக்கு வினய் நகர் என்பதே அன்றைய பெயர். முற்றமும் வேப்பமரமும் சிறு தோட்டமும் கொண்ட அந்தக் குவார்ட்டர்ஸ்களின் வாசலில் நம் பெண்மக்கள் கோலமிட்டார்கள்.

அவ்வேளையில் வந்தது 1955ஆம் ஆண்டின் மஞ்சட்காமாலை. இதனைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

டில்லிக்குக் குடிநீர் யமுனையிலிருந்து வந்தது. வஜீராபாத்தில் ஆற்றுநீரை இறைக்கும் நிலையம் இருந்தது. அதற்குச் சற்றுக் கீழே நஜஃப்கர் வாய்க்கால் நகரத்தின் கழிவைக் கொண்டுவந்து அதே ஆற்றில் விட்டது. கழிவு கீழே போகும், குடிநீர் மேலே எடுக்கப்படும். ஆறு முறையாக ஓடும் வரையில் கேடில்லை என்பது கணக்கு. 1955இல் வெள்ளம் வந்து வடிந்தபின் ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டது. நவம்பரில் கழிவுநீர் பின்னோக்கி ஏறி இறைக்கும் வாயை எட்டியது. நிலையத்தார் இதை அறியாமல் இல்லை. படிகாரத்தையும் குளோரினையும் மிகுத்துப் போட்டார்கள். அதனால் டைபாய்டும் சீதபேதியும் பரவவில்லை. ஆனால் குளோரினுக்கு அடங்காத நுண்ணிய நஞ்சு ஒன்று குழாய் வழியே வீடு வீடாகச் சென்றது. டிசம்பர் முதல் வாரத்திலிருந்து ஜனவரி 20 வரையில் ஏறத்தாழ 29,300 பேருக்குக் கண்ணும் மேனியும் மஞ்சளாயின. சூலுற்ற பெண்களுக்கு அது கொடியதாக இருந்தது. வழக்கமான காமாலை அன்று, வேறொரு கிருமி என்பது பல்லாண்டு கழித்தே தெரிந்தது. அன்று எடுத்துப் பாதுகாத்து வைத்த இரத்தத்தை 1980 வாக்கில் சோதித்தபோதுதான் அது வெளிப்பட்டது. இன்று மருத்துவர்கள் அதனை 'ஹெபடைடிஸ் ஈ' என்கின்றனர். உலக மருத்துவ நூல்களில் டில்லிக்கு இப்படியும் ஓர் இடம் கிடைத்தது.

அந்தக் குளிர்காலத்தில் கீழாநெல்லிக்கு டில்லியில் எங்கே போவது என்று திகைத்து, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் வரும் ஊர்க்காரர்களிடம் சொல்லி அனுப்பி வரவழைத்த கதைகளை மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். வந்து சேர்வதற்குள் அது வாடிப் போயிருக்குமாம்.

இந்நிகழ்ச்சியில் நம் கருத்துக்குரியது ஒன்றுண்டு. குடிநீரையும் கழிவுநீரையும் கவனிக்க 1926 முதல் ஒரு கூட்டு வாரியம் இருந்தது. ஊரை ஆண்ட அமைப்புகளோ பத்துக்கும் மேல். நகராட்சிக் கமிட்டிகள் பல, ஜில்லா போர்டு ஒன்று, இவை தவிர வாரியங்கள். வாய்க்கால் ஒருவர் எல்லையில், குழாய் ஒருவர் எல்லையில். இப்படிப் பிரிந்து கிடந்தவற்றை ஒன்றாக்க வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்தில் வலுப்பெற்றது. 1957இல் சட்டம் இயற்றப்பட்டு, 1958 ஏப்ரல் 7இல் டில்லி மாநகராட்சி உதயமாயிற்று. அருணா ஆசப் அலி அம்மையார் முதல் மேயர் ஆனார். பழைய அமைப்புகள் பலவும் அதில் கரைந்தன. தண்ணீர் வாரியமும் கரைந்தது. கரையாமல் தனியே நின்றவை இரண்டு: ஒன்று கண்டோன்மெண்ட், மற்றொன்று நம் புதுடில்லி நகராட்சி. ராமகிருஷ்ணபுரத்து விரலில் மை ஏறியதும் நம் விரலில் ஏறாததும் அன்று போட்ட கோட்டினால்தான்.

ஏன் தனியே விட்டார்கள்? இது அரசாங்கம் வீற்றிருக்கும் இடம், நிலமும் கட்டிடமும் பெரும்பாலும் அரசாங்கத்துடையவை, அயல்நாட்டுத் தூதர் உறையும் இடம் என்பன சொல்லப்படும் காரணங்கள். இவற்றைப் பொருளற்றவை என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவின் வாஷிங்டனும் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் நியமனம் பெற்றவர்களால்தான் ஆளப்பட்டது. 1973இல் சட்டம் வந்து, 1974இல்தான் மக்கள் தங்கள் மேயரைத் தேர்ந்தெடுத்தனர். ஆஸ்திரேலியாவின் கான்பெரா இன்னும் சுவையானது. நம் இம்பீரியல் டில்லிக் கமிட்டி அமைந்த அதே 1913 மார்ச்சில், சில நாள் முன்னதாக, அந்நகருக்குப் பெயர் சூட்டப்பட்டது. 1978இல், "உங்களை நீங்களே ஆண்டு கொள்கிறீர்களா?" என்று அவ்வூராரைக் கேட்டபோது, பெரும்பாலோர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள்! ஆனாலும் 1989இல் அவர்களுக்குத் தேர்தல் வந்துவிட்டது. நம்மை எவரும் வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் நம் காலனியார் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை உறுதியாகக் கூற நமக்கும் துணிவில்லை. விளக்கு எரிகிறது, சாலை சுத்தமாக இருக்கிறது, அது போதும் என்போர் நம்முள் நிரம்ப உண்டு.

மண்டலப் பாகுபாடும் இதற்கிடையே நகராட்சிகளின் கையை விட்டுப் போயிற்று. 1957இல் டில்லி வளர்ச்சி ஆணையம் பிறந்தது. 1962 செப்டம்பர் 1 முதல் பெருந்திட்டம் நடைமுறைக்கு வந்தது. எங்கே குடியிருப்பு, எங்கே கடை, எங்கே தொழிற்சாலை என்பதை அந்தப் பெருந்திட்டமே சொல்லும். கட்டிட வரைபடத்தைப் பார்த்துக் கையொப்பமிடும் வேலை நகராட்சியிடம் தங்கியது.

நகராட்சியின் நிலையோ மேலும் சுருங்கிற்று. 1980 பிப்ரவரியில் நியமன உறுப்பினர்களும் நீக்கப்பட்டுத் தனி நிர்வாகி ஒருவரின் கீழ் வந்தது. பதினான்கு ஆண்டுகள் அப்படியே நடந்தது. 1993 ஜூன் 1இல் அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம் அமலாகி, நகராட்சி இடங்களை நேர்முகத் தேர்தலால் நிரப்ப வேண்டும் என்ற நெறி நாடெங்கும் ஏற்பட்டது. அடுத்த ஆண்டே, 1994 மே மாதம், பஞ்சாப் சட்டத்துக்கு மாற்றாகப் புதுடில்லி நகராட்சி மன்றச் சட்டம் வந்தது. கமிட்டி மன்றமாயிற்று, தேர்தல் மட்டும் வரவில்லை. தலைவரை மத்திய அரசாங்கம் நியமிக்கும். அதிகாரிகள் சிலர் உறுப்பினர். மருத்துவர், வழக்கறிஞர், வணிகர், தொழிலாளர், சமூக ஊழியர், கலைஞர் முதலியோரிலிருந்து சிலரை நியமிக்கலாம். இப்பகுதியின் சட்டமன்ற உறுப்பினர்களும், பின்னர் நாடாளுமன்ற உறுப்பினரும் இடம் பெற்றனர். டில்லி முதலமைச்சராக இருந்தவரே சட்டமன்றத் தொகுதியின் பெயரால் இம்மன்றத்தில் ஓர் உறுப்பினராக அமர்ந்த காட்சியும் உண்டு. சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நாம் இடும் வாக்கு இப்படிச் சுற்றி வளைத்து நகராட்சிக்குள் நுழைகிறது.

தேர்தல் உள்ள ஊரில் எல்லாம் செம்மை என்று நாம் சொல்ல வரவில்லை. நம் சென்னை மாநகராட்சியை எடுத்துக் கொள்ளுங்கள். 1688 செப்டம்பர் 29இல் ஹிக்கின்சனை முதல் மேயராகக் கொண்டு தோன்றிய அது, இந்நாட்டு மாநகராட்சிகளுள் மூத்தது. அத்தகைய மூத்த மன்றம் 1973இல் கலைக்கப்பட்டு, 1996 வரை இருபத்து மூன்று ஆண்டுகள் மன்றமே இன்றிக் கிடந்தது. 2016இலிருந்து 2022 வரையிலும் அதே கதை. டில்லி மாநகராட்சியும் 2012இல் மூன்றாகப் பிளக்கப்பட்டு 2022 மே மாதம் மீண்டும் ஒன்றாயிற்று. ஆயினும் அவ்வூர்களில் மக்கள், "எங்கள் தேர்தல் எங்கே?" என்று கேட்க இடமிருந்தது.

இனி அண்மைக் காலம். 1996இல் டெங்குக் காய்ச்சல் டில்லியில் பத்தாயிரம் பேருக்கு மேல் தாக்கி நானூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. அன்று முதல் மழைக்காலத்தில் நகராட்சி ஊழியர் வீடு வீடாக வந்து கூலரின் நீரை விளக்கடித்துப் பார்க்கின்றனர்; புழு கண்டால் நோட்டீசு தருகின்றனர். ஆடி மாதத்தில் நம் வீடுகளில் நிகழும் இந்தச் சோதனையைப் பற்றி முணுமுணுப்பவர்கள் உண்டு. 1916இல் கூலிக் குடிசைகளுக்குச் சென்ற சுகாதார ஊழியரின் வழிவந்தவர்களே இவர்களும் என்று நாம் மதிப்போடுதான் கதவைத் திறக்கிறோம். மோதி பாக்கில் உள்ள சரக் பாலிகா மருத்துவமனையும் இதே நகராட்சியுடையதே.

2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை, சரோஜினி நகர், நேதாஜி நகர், நவ்ரோஜி நகர் உள்ளிட்ட ஏழு காலனிகளை இடித்துப் புதிதாகக் கட்ட முடிவு செய்தது. 12,970 வீடுகளின் இடத்தில் ஏறத்தாழ 25,667 வீடுகள்; நவ்ரோஜி நகரிலும் நம் நகரின் ஒரு பகுதியிலும் வணிகக் கட்டிடம் கட்டி விற்று அதற்கான பணம் திரட்டுவது என்பது திட்டம். பழைய வீடுகள் சிதைந்திருந்தன என்பதை அங்கு வாழ்ந்தவர் மறுக்க மாட்டார். மழைக்கு ஒழுகும் கூரையின் கீழ்ப் பாத்திரம் வைத்தவர்கள் நாம். ஆனால் பல ஆயிரம் மரங்கள் வெட்டப்படும் என்ற செய்தி வந்தபோது காலனி கலங்கிற்று. 2018 ஜூன் மாதத்தில் மக்கள் திரண்டு வந்து சரோஜினி நகரில் மரங்களைக் கட்டித் தழுவி நின்றனர். மருத்துவர் ஒருவர் தொடுத்த வழக்கில் டில்லி உயர்நீதிமன்றம் தலையிட்டதால் வெட்டுதல் அப்போது நின்றது. மரம் காக்க விரும்பியவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள், தெருவுக்கு வந்தார்கள். 'நம் வார்டு உறுப்பினர் வீடு' என்று போய்க் கதவைத் தட்ட ஒரு வீடு அவர்களுக்கு இருக்கவில்லை.

2025 ஜனவரி 3இல் பிரதமர் நவ்ரோஜி நகரின் வணிக மையத்தையும் சரோஜினி நகரின் 28 அடுக்குமாடிக் கோபுரங்களையும் திறந்து வைத்தார். அக்கோபுரங்களில் 2,500க்கு மேற்பட்ட வீடுகள் உள்ளன. முன்பு தரையோடு தரையாக வாழ்ந்தவர்கள் இப்போது லிப்டில் ஏறி இறங்குகின்றனர். வாசலில் மண் இல்லாததால் கோலம் கதவுக்கு வெளியே நடைபாதையில், சுண்ணக் கட்டியால் சிறிய அளவில் விழுகிறது. குழாயில் நீர் வருகிறது, குப்பை வண்டியும் வேளை தவறாமல் வருகிறது. சிறுவன் கேட்ட கேள்விக்கு இந்தக் கதையைத்தான் ஒரு ஞாயிறு பிற்பகல் முழுதும் சொன்னோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் அந்த நியமன இடத்துக்கு யார் பெயரையாவது நம் சங்கம் எழுதி அனுப்பலாமே?" என்றான். அடுத்த செயற்குழுவில் அதை எடுத்துப் பேசக் காரியதரிசியிடம் சொல்லியிருக்கிறோம்.